கையாலேயே எழுதி ஒரு வலைத்தளம்: தொடங்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் என் பெரியம்மாவின் வேலையைப் படங்களோடு பதிந்துவைக்க ஒரு சிறிய வலைத்தளம் அமைக்க விரும்புகிறேன். ஆயத்த வடிவமைப்பில் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கோ அது இயங்கும் விதத்தைக் கற்பதே முதல் நோக்கம். வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லைக் கையாலேயே எழுதலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்):
தாராளமாக எழுதுங்கள். 1991-இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் தளமே வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். நோட்பேடில் எழுதிச் சேமித்து உலாவியில் திறந்தால் போதும். அதற்கு இணையம்கூட வேண்டாம்.

என் முதல் பக்கத்தில் ‘தாமிரபரணி’ என்று தட்டச்சு செய்தது பொருளற்ற குறிகளின் குவியலாகத் தெரிய, ஒரு மாலை முழுவதும் எழுத்துருவைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியாக்கங்களில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற ஓர் எழுத்து 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உலாவி வேறு குறியாக்கம் என்று எண்ணி, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டியிருக்கிறது. பக்கத்தின் தொடக்கத்திலுள்ள ஹெட் பகுதியில், குறியாக்கத்தைச் சொல்லும் ‘மெட்டா கேர்செட்’ வரியைச் சேர்த்து யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டதும் சரியாகிவிட்டது.

பதில் (தென்காசி):
கைபேசிப் படங்களை அப்படியே ஏற்றாமல், 1200 பிக்சல் அகலத்திற்குக் குறைத்துவிடுங்கள். கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்துங்கள். விண்டோஸ் கணினி பொறுத்துக்கொள்ளும் பேரெழுத்து வேறுபாட்டை, தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் லினக்ஸ் வழங்கி பொறுத்துக்கொள்ளாது. கிட்ஹப் பேஜஸ் என்ற வலைத்தளச் சேவையில் இலவசமாகவே வெளியிடலாம்.

கேட்டவர்:
நன்றி, அண்ணாச்சி. குறிகளின் குவியல் எனக்கும் வந்தது. அந்த வரியைச் சேர்த்தவுடன் ‘பத்தமடை’ தெளிவாகத் தெரிகிறது. இனிப் படங்களைக் குறைக்க வேண்டும்.