புளூட்டோவை விலக்கிய மூன்றாம் நிபந்தனை சரிதானா?

கேள்வி: ஒரு பொருள் கோள் எனப்பட, சூரியனைச் சுற்றுவதும் உருண்டையாக இருப்பதும் போதாமல், தன் பாதையை ஒட்டிய பிற பொருள்களையும் அகற்றியிருக்க வேண்டும் என்று 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் விதித்தது, பொருளின் தன்மையை விட்டுவிட்டு அது இருக்கும் இடத்தையல்லவா அளக்கிறது?

மறுமொழி 1: 2005இல் அறிவிக்கப்பட்ட, நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஏரிசு என்ற பொருள், விட்டத்தில் புளூட்டோவைவிடச் சற்றே சிறிதாயினும் நிறையில் ஏறத்தாழ 27 விழுக்காடு மிகுந்தது என்பதால், கோள்களின் பட்டியலில் ஒன்றைச் சேர்த்து மற்றதைத் தள்ள வழியில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும், 1801இல் கண்டறியப்பட்ட சீரிசும் முதலில் கோள் என்றே எண்ணப்பட்டு, அருகில் பல பொருள்கள் தென்பட்ட பிறகே சிறுகோளானது.

மறுமொழி 2: கேட்டவரின் ஐயம் நியாயமானதே; சூரியனிலிருந்து தொலைவு கூடக்கூட, பாதையைத் துடைக்க அதிக நிறை தேவைப்படுகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது, அந்த வரையறை சூரியனை மட்டுமே குறிப்பிடுவதால் பிற விண்மீன்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான உலகங்கள் அதற்கு வெளியே நிற்பதுதான்.

கேட்டவர்: சீரிசின் வரலாறு எனக்குப் புதிது, நன்றி.