ஈன்ற பூனைக்கு வந்த பால் காய்ச்சல்: உங்கள் அனுபவங்கள்

தஞ்சை வாசகி:
எங்கள் சாம்பல் பூனை ஐந்து குட்டிகளையும் சிக்கலின்றி ஈன்றது. குட்டிகள் கண் திறந்து, இனிக் கவலையில்லை என்று வீட்டில் எல்லோரும் இருந்தபோதுதான் அது நடந்தது. பெட்டியைவிட்டு வெளியே வந்த பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தது. பின்னங்கால்கள் மரக்கட்டையாய் விறைத்திருக்க, காது நுனியும் மீசையடித் தசையும் விடாமல் துடித்தன. குட்டிகள் கத்தியும் அது திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டுக்கு வரும் பால் காய்ச்சல் பூனைக்கும் வரும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். பாலோடு சுண்ணாம்புச் சத்து போய்ப்போய் இரத்தத்தில் அது குறைந்துவிட்டதாம். ஸ்டெதாஸ்கோப்பை மார்பிலிருந்து எடுக்காமலே அவர் கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மிக மெதுவாக ஏற்றினார். ஊசி முடியும் முன்பே காதுத் துடிப்பு அடங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கோவைக்காரர்:
எங்கள் பூனைக்கு வந்தது மடிநோய். குட்டிகள் ஒரே ஒரு காம்பை மட்டும் தொடாமல் ஒதுக்கின. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் இறுகிக் கொதித்தது, சீழும் இரத்தமும் கலந்து வந்தன. மருந்திலும் வெந்நீர் ஒத்தடத்திலும் குணமானது. பால் காய்ச்சலைப் பொறுத்தவரை, சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரை கொடுத்துவந்தால் அந்தத் தொல்லையே இராது என்பது என் கருத்து.

மதுரைப் பூனைப்பிரியர்:
கோவை நண்பரின் கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதை நம்பி மாத்திரை வாங்குபவர்கள் ஏராளம். சினைக்காலத்தில் தேவைக்கு மேல் கால்சியம் ஊட்டினால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொடுக்கத் தூண்டும் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிவிடுகிறது; ஈன்ற பிறகு பாலுக்காகத் தேவை திடீரென ஏறும்போது உடலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாத்திரைக்குப் பதிலாக, குட்டிகளுக்கென விற்கும் உணவையே சினையின் பிற்பாதியிலிருந்து பால் மறக்கும்வரை தாய்க்குக் கொடுங்கள். பால் கொடுக்கும் நாட்களில் அது வழக்கத்தைப்போல இரு மடங்கும் அதற்கு மேலும் தின்னும், தட்டு காலியாக இருக்கவே கூடாது. சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். குட்டி வெளிவராமல் அரை மணி நேரம் பலமாக முக்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 கிராமாவது கூட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள், தாய்க்குப் பால் குறைவதை அந்த எண்தான் முதலில் காட்டும்.

தஞ்சை வாசகி:
மதுரை நண்பர் சொன்னதையே எங்கள் மருத்துவரும் சொன்னார். ஒரு நாள் முழுவதும் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவைத்து, பூனைக்குட்டிப் பால் பவுடரைக் கரைத்துப் புகட்டச் சொன்னார். பசும்பால் வேண்டாம், கழிச்சல் வரும் என்றார்.

திருச்சி வாசகர்:
இன்னொன்றையும் கவனியுங்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பூனை சினையாகாது என்று எங்கள் தெருவில் உறுதியாகச் சொன்னார்கள். குட்டிகள் பால் மறக்கும் முன்பே எங்கள் பூனையின் வயிறு மறுபடி பெருத்தது. எலும்பு தெரிய இளைத்திருந்த உடம்போடு அது இரண்டாவது ஈற்றைச் சுமந்ததைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. குட்டிகள் பால் மறக்கும்வரை தாயை வெளியே விடாதீர்கள்; மறந்ததும் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள்.