லேடெக்: பின்னத்துக்குள் தமிழ் எழுதினால் காணாமல் போகிறது

காரைக்குடி கணக்கு டீச்சர்:
பத்தாம் வகுப்புக்குத் தமிழில் ஒரு பயிற்சிப் புத்தகம் அடித்துக்கொண்டிருக்கிறேன், ஓட்டுவது சீலேடெக்கில் (கட்டளை எழுதி நூலை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளின் ஒரு வகை). உரையெல்லாம் சரியாக வருகிறது. ஆனால் "16 அடிக்கு 12 அடிப் பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) 8 அங்குலச் சதுர ஆத்தங்குடித் தரைக்கல் எத்தனை வேண்டும்" என்ற கணக்கில், தரையின் பரப்பு மேலே, ஒரு கல்லின் பரப்பு கீழே என்று பின்னம் போட்டால் பிடிஎஃபில் நடுக்கோடு மட்டும் நிற்கிறது, தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, எர்ரரும் இல்லை! போதாக்குறைக்கு எழுத்துருவை மாற்றியதிலிருந்து சூத்திரங்களில் சைன், காஸ், எண்கள் எல்லாம் வெறும் கட்டங்களாக வருகின்றன, எக்ஸும் ஒய்யும் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. சீக்கிரம் அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

தேவகோட்டை டைப்செட்டர்:
டீச்சர், எர்ரர் வராது, லாக் ஃபைலைத் திறந்து "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று தேடுங்கள், வரிசையாக இருக்கும். கணித எழுத்துருவில் தமிழ் கிடையாது, அதனால் லேடெக்குக்கு அடியில் ஓடும் டெக் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. ஏஎம்எஸ்மேத் என்ற கணிதத் தொகுப்பைச் சேர்த்து, பின்னத்துக்குள் வரும் தமிழை டெக்ஸ்ட் (\text) கட்டளைக்குள் போடுங்கள். அதற்குள் போனால் சுற்றியுள்ள உரையின் எழுத்துருவே வரும். ஒன்று கவனம், டெக்ஸ்டுக்குள் வரி உடையாது, நீளமாக எழுதினால் ஓரத்தைத் தாண்டி ஓடும்.

சைன் விஷயம் வேறு. நீங்கள் முதன்மை எழுத்துருவாக வைத்ததில் ஆங்கில எழுத்தே இருக்காது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பு தன் பாட்டுக்கு அதையே சூத்திரத்தில் உள்ள எண்களுக்கும் சைன், காஸுக்கும் கொடுத்துவிடும், எக்ஸ், ஒய் பழைய கணித எழுத்துருவிலேயே இருப்பதால் தப்பித்தன. ஃபான்ட்ஸ்பெக்குக்கு நோ-மேத் என்று ஆப்ஷன் கொடுங்கள், இல்லையென்றால் யூனிகோட் கணித எழுத்துருவைக் கொண்டுவரும் யூனிகோட்-மேத் தொகுப்பைச் சேருங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பள்ளத்தூர் பழைய மாணவன்:
இத்தனை பாடு எதற்கு, பேசாமல் வேர்டில் அடித்திருக்கலாமே.

தேவகோட்டை டைப்செட்டர்:
தம்பி, நடுவில் ஒரு சமன்பாடு சேர்த்தால் மொத்தச் சமன்பாட்டு எண்களையும் கையால் திருத்த நீ வருவாயா?

கண்டனூர் ஆராய்ச்சி:
லேடெக்கின் இன்னொரு வகையான லுவாலேடெக்குக்கு மாறுவதாக இருந்தால் எழுத்துருவோடு ரெண்டரர் ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் நிரல்), ஸ்கிரிப்ட் தமிழ் இரண்டையும் கொடுங்கள் அக்கா, இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். லேடெக்கை நிறுவும் டெக் லைவ் தொகுப்பின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக்கிலேயே ஹார்ஃப்பஸ் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் அதற்கும் முந்தையது கிடந்தால் சீலேடெக்கே போதும், அதிலும் ஸ்கிரிப்ட் தமிழ் என்பதை விட்டுவிடாதீர்கள்.

காரைக்குடி கணக்கு டீச்சர்:
டெக்ஸ்ட் போட்டதும் பின்னம் வந்துவிட்டது, யூனிகோட்-மேத் சேர்த்ததும் சைனும் திரும்பிவிட்டது, ரொம்ப நன்றி. இப்போது சமன்பாடுகளை வரிசையாக நிறுத்த அலைன் போட்ட இடத்தில் "பாராகிராஃப் எண்டட்" என்று நின்றுவிடுகிறது, அப்புறம் சமன்பாட்டு எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி.

தேவகோட்டை டைப்செட்டர்:
அலைனுக்குள் வெற்று வரி விட்டிருப்பீர்கள். அதை எடுங்கள், இடைவெளி வேண்டுமென்றால் சதவீதக் குறி மட்டும் போட்டு வரியை விடலாம். கடைசி வரியின் முடிவில் இரட்டைப் பின்சாய்கோடு (\\) இருந்தால் அதையும் எடுங்கள், இல்லாவிட்டால் கீழே ஒரு வெற்று எண் வரும். கேள்விக்குறிக்கு இன்னொரு முறை ஓட்டினால் போதும், அப்படியும் போகாவிட்டால் சமன்பாட்டுக்கு நீங்கள் வைத்த லேபிள் பெயரில் எழுத்துப்பிழை. கல் 432 தானே?