ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் (காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஒன்றாக) சாப்பிடப் போன கதை, உங்களுக்கும் உண்டா?

வெண்ணாற்றங்கரை:
போன மாதம் நடந்தது, இன்னும் மனசில் கிடக்கிறது. தஞ்சாவூர், ஓட்டல் பெயர் வேண்டாம். ஞாயிறு 11 மணியிலிருந்து 3 வரை பிரஞ்ச் பஃபே, ஆளுக்கு 799, வரி தனி. அப்பாவுக்கு 72 வயது. திருவையாறு பக்கம் நாலு மா நிலம். ஓட்டல் என்றால் அவருக்கு ரெண்டு இட்லி, ஒரு காபி. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

வழக்கம்போல் ஏழரைக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார். "அங்கதான் சாப்பிடப் போறோமே" என்று வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லை. பத்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம். பாத்திரங்களெல்லாம் மூடி போட்டு வரிசையாக இருக்கின்றன, நெய் வாசனை வருகிறது. திரும்பிப் பார்த்தால், அவ்வளவு ஏசியிலும் அப்பாவின் சட்டைக் காலர் நனைந்திருக்கிறது. கையில் இருந்த மெனு அட்டை படபடவென்று ஆடுகிறது.

ஓடிப்போய் மேனேஜரிடம் ஒரு இட்லி கேட்டேன். வாட்சைப் பார்த்துவிட்டு, "பதினொண்ணுக்குத்தான் சார் கவுன்டர் ஓப்பன்" என்றார். அந்த வாட்சைப் பார்த்த பார்வைதான் இன்னும் ஆறவில்லை. தண்ணீர் ஜக் வைக்க வந்த பையன் ஒன்றும் பேசாமல் உள்ளே போனான். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, கலக்கிக்கொண்டே வந்தான். "குடிங்க தாத்தா."

கால் மணி நேரத்தில் அப்பா தெளிந்துவிட்டார். அப்புறம் 'மூங் தால் ஸ்ட்யூ' என்று சீட்டு வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "இது கடப்பாடா" என்றார். அந்த ஓட்டலைப் பற்றி இதுவரை அவர் சொன்னது அவ்வளவுதான்.

குடந்தை டபரா:
ஸ்ட்யூவா! பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றினால் கடப்பா. மிளகாய்த்தூள் பட்டால் அது குருமா. எங்கள் ஊரில் இதற்காகவே ஞாயிறு காலை ஓட்டலுக்குப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன.

என் கதை சின்னது. சென்னையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரை மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். "பிரஞ்ச் டைமுக்குப் போனாப் போதும்" என்று அவர்கள் குளித்துக் கிளம்பவே பத்தரை. கடப்பா கேட்டதும் சப்ளையர் வாளியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் கரண்டி கீறிய தடம் மட்டும் இருந்தது. சம்பந்தியம்மா அதை எட்டிப் பார்த்து, "காலியாகிற அளவுக்கா இருக்கும்?" என்று கேட்டார். இன்றுவரை அவர் சாப்பிட்டதில்லை.

உறையூர்க்காரி:
வெண்ணாற்றங்கரை அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், நான் நர்ஸ். மேனேஜரைத் திட்டுவதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை என்றால் போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும். அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பயமில்லை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்குப் போன் செய்யுங்கள். பதினோரு மணிச் சாப்பாட்டுக்குப் போகிற அன்று மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். அந்தப் பையன் செய்தது சரியான வைத்தியம்.

என் அனுபவமா? திருச்சியில் மாமியார் வாஃபிளைப் பார்த்து, "இடியாப்பத்தட்டு மாதிரி இருக்கே" என்றார். அவ்வளவுதான்.

பாபநாசம் மிராசு:
இதில் புதுசு என்ன இருக்கிறது? பிரஞ்ச் என்ற சொல்லே 1895-ல் ஒரு ஆங்கிலேயர் எழுதிய கட்டுரையில் வந்தது. சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்தவன் ஞாயிறு காலை நிம்மதியாகத் தூங்கட்டும் என்பது அவர் கட்சி. எங்கள் தாத்தா வீட்டில் விடியற்காலை காபி, பத்து மணிக்கு இலை போட்டுச் சாப்பாடு, மூன்று மணிக்கு டிபன். நாம் எப்போதோ பிரஞ்ச் சாப்பிட்டவர்கள்தான்.

மன்னை மேலவீதி:
மிராசு, உங்கள் தாத்தா பத்து மணிக்கு இலை போட்டார், சரி. எங்கள் தாத்தா விடியலில் பழையதைக் குடித்துவிட்டு அந்த நேரத்தில் நடவு வயலில் நின்றார். 'நாம்' என்று சேர்த்துப் பேசாதீர்கள்.

நான் எழுத வந்தது பில் பற்றி. நாலு பேர் சாப்பிட்டோம். ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். எடுக்கச் சொன்னேன். கேஷியர் ஒன்றும் சொல்லவில்லை, பில்லைக் கிழித்துவிட்டு வேறு அடித்தார். பக்கத்து டேபிள் முழுக்க எங்களையே பார்த்தது. வெளியே வந்ததும் என் மனைவி, "பத்து பர்சென்டுக்காக மானத்தை வாங்கிட்டீங்க" என்றாள். 2022-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். இதெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த டேபிளில் அவளுடைய ஆபீஸ் தோழி இருந்தாளாம்.

வெண்ணாற்றங்கரை:
நர்ஸ் அம்மா, சீட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாத்திரைதான். தப்பு எங்கள் பக்கமும்தான், ஆனால் அந்த வாட்சை மன்னிக்க முடியவில்லை.

நேற்று ஓட்டலுக்குப் போன் செய்து அந்தப் பையனைக் கேட்டேன். "எந்தப் பையன் சார்?" என்றார்கள். பேர் தெரியாது, தண்ணீர் ஜக் வைக்கிற பையன் என்றேன். "அஞ்சு பேர் இருக்காங்க சார். ஞாயித்துக்கிழமைக்கு டேபிள் போடட்டுமா?" என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். "போலாம்" என்றார். "ஆனா நான் எட்டு மணிக்கே சாப்பிட்டுட்டு வருவேன்."