பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பழைய பேய்க்கதைகள்: டிவிடி பெட்டி வாங்குவதா, புளூ-ரே வாங்குவதா?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். எழுபதுகளில் பிபிசி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒளிபரப்பிய பேய்க்கதைப் படங்களை இனியாவது ஒழுங்காகச் சேகரிக்கலாம் என்றிருக்கிறேன். எம். ஆர். ஜேம்ஸின் கதைகளைக் கல்லூரிக் காலத்திலிருந்தே படித்து வருகிறேன். ஆனால் இயக்குநர் லாரன்ஸ் கார்டன் கிளார்க் அவற்றைப் படமாக்கிய விதத்தை, இருட்டில் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியாத மங்கலான இணையப் பிரதிகளில்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்; பேய்ப்படத்துக்கு அதைவிடப் பெரிய அநீதி வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2012இல் வெளியிட்ட டிவிடி பெட்டி பழைய வட்டுச் சந்தையில் அவ்வப்போது கண்ணில் படுகிறது. அதே நிறுவனம் 2022இலும் 2023இலும் இரண்டு தொகுதிகளாகப் புளூ-ரேயும் கொண்டுவந்துள்ளது. விலையோடு அஞ்சல் செலவையும் சுங்கவரியையும் கூட்டிப் பார்த்தால், புளூ-ரே எனக்குச் சற்றுக் கனமான செலவுதான். அந்தச் செலவுக்கு ஏற்ற வேறுபாடு திரையில் தெரியுமா? கோயம்புத்தூரில் வாங்கிய என் பிளேயரில் இங்கிலாந்து வட்டுகள் ஓடுமா? இந்தத் தொடரைத் தவிர வேறு எவற்றைத் தேட வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செங்கோட்டை ரயிலடி:

ஐயா, வாங்குவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் பற்றி ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அது ஃபிலிமில் எடுக்கப்பட்டதா, வீடியோ டேப்பில் பதிவானதா? மற்ற கணக்குகளையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு உட்புறக் காட்சிகளை ஸ்டூடியோவில் மின்னணுக் கேமராவால் டேப்பில் பதிவார்கள். வெளிப்புறக் காட்சிகளை மட்டும் 16 மி.மீ. ஃபிலிமில் எடுப்பார்கள். கிளார்க் ஆவணப்படத் துறையிலிருந்து வந்தவர் என்பதால், தம்முடைய பேய்க்கதைகளை உள்ளும் புறமும் ஃபிலிமிலேயே, உண்மையான இடங்களுக்குச் சென்று எடுத்தார். 1971இல் வந்த 'தி ஸ்டால்ஸ் ஆஃப் பார்செஸ்டர்' நாரிச் பேராலயத்திலும், அடுத்த ஆண்டு வந்த 'எ வார்னிங் டு தி க்யூரியஸ்' நார்ஃபோக் கடற்கரையிலும் எடுக்கப்பட்டவை. ஃபிலிமில் அடங்கியிருக்கும் நுண்விவரம் டிவிடியின் 576 வரிகளுக்குள் அடங்குவதில்லை. புதிதாக ஸ்கேன் செய்தால் அது வெளியே வரும். ஆகவே இந்தத் தொடருக்குப் புளூ-ரே வாங்குவது வீண் செலவே அல்ல. 'எ வார்னிங் டு தி க்யூரியஸ்' படத்தில் பீட்டர் வாகனைப் பின்தொடரும் அந்தக் கரிய உருவம் பெரும்பாலும் தொலைவில்தான், மரங்களுக்கிடையே அசையாமல் நிற்கும். சுருக்கப்பட்ட மோசமான பிரதியில் அது மரத்தோடு மரமாகக் கலந்து காணாமல் போய்விடுகிறது. அதைக் காணாதவர் அந்தப் படத்தையே காணாதவர் என்பேன்.

இதற்கு நேர்மாறானது 'தி ஸ்டோன் டேப்'. நைஜல் நீல் எழுதி 1972 கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பான அந்த நாடகத்தின் பெரும்பகுதி ஸ்டூடியோ டேப்பில் பதிவானது. 625 வரி அமைப்பில் (அதில் படமாகத் தெரிவது 576 வரிகளே) பதிவானதை எந்த வட்டில் அச்சிட்டாலும், அன்று பதிவாகாத விவரம் இன்று முளைத்துவிடாது. அதற்கு நல்ல டிவிடி ஒன்று போதும். பழுப்புக் கல்சுவரும் ஸ்டூடியோ விளக்கும் கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தாலும், அந்த எழுத்தின் பயங்கரம் குறைவதில்லை.

புளூ-ரேயின் முதல் தொகுதியில் ஜோனதன் மில்லர் 1968இல் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படமான 'விசில் அண்ட் ஐ'ல் கம் டு யூ'வும், 1971 முதல் 1973 வரையிலான மூன்று படங்களும் உள்ளன. 1974 முதல் 1978 வரையிலான ஐந்து படங்கள் இரண்டாம் தொகுதியில் உள்ளன. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முதல் தொகுதியை வாங்குங்கள். ஆனால் எனக்கு இரண்டாம் தொகுதியின் மீதுதான் பற்று அதிகம்; டிக்கன்ஸின் 'தி சிக்னல்மேன்' (1976) அதில்தான் இருக்கிறது. பகவதிபுரத்தைத் தாண்டி ஆரியங்காவுச் சுரங்கத்துக்குள் ரயிலில் புகுந்து பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு, சுரங்க வாயிலில் சிவப்பு விளக்கோடு தனித்து நிற்கும் டென்ஹோம் எலியட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நகரி வட்டுப்பெட்டி:

செங்கோட்டை நண்பர் படத்தின் தரத்தைச் சொல்லிவிட்டார். ஆனால் பிளேயரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வட்டு வாங்கக் கூடாது. வட்டின் வட்டார எண்ணும் (ரீஜன்) பிளேயரின் வட்டார எண்ணும் பொருந்தினால்தான் வட்டு ஓடும். இங்கிலாந்து டிவிடிகள் ரீஜன் 2. இந்தியா ரீஜன் 5. புளூ-ரேயில் இங்கிலாந்து பி வட்டாரத்திலும் இந்தியா சி வட்டாரத்திலும் வருகின்றன. இங்கு விற்கும் டிவிடி பிளேயர்களில் பல எந்த ரீஜனையும் ஏற்கும். ஏற்காத சிலவற்றையும் ரிமோட்டில் ஓர் எண் வரிசையை அழுத்தித் திறந்துவிடலாம். புளூ-ரே பிளேயர் அவ்வளவு எளிதில் இணங்காது. டிவிடிக்குத் திறந்துவிட்ட இயந்திரமே புளூ-ரேக்குப் பூட்டியிருப்பது வழக்கம். கணினி டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும் என்பதால் அதில் விளையாடிப் பார்க்க வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வளைகுடா நாடுகள் டிவிடிக்கு ரீஜன் 2, புளூ-ரேக்குப் பி வட்டாரம். இரண்டிலும் இங்கிலாந்தோடு ஒரே வட்டாரம்தான். பாலக்காட்டுப் பக்கம் வளைகுடாவில் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. விடுமுறைக்கு வருபவரிடம் அங்கு விற்கும் பிளேயர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால், இங்கிலாந்து வட்டுகள் எவ்வித வித்தையும் இன்றி ஓடும். மின்னழுத்தமும் நம்முடையதை ஒத்ததே, பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். மேலும், இந்தியாவும் இங்கிலாந்தும் பால் (PAL) என்னும் ஒரே தொலைக்காட்சி முறையைப் பின்பற்றியவை என்பதால், அமெரிக்க டிவிடிகளில் விநாடிக்கு 25 சட்டகங்களை 30ஆக மாற்றும்போது ஏற்படும் தடுமாற்றம் உங்களுக்கு வராது.

ஒரு கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. டிவிடி பெட்டியைப் பழையது என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2012ஆம் ஆண்டுப் பெட்டியில் எழுபதுகளின் படங்களோடு 2005இல் வந்த 'எ வியூ ஃப்ரம் எ ஹில்', 2006இன் 'நம்பர் 13', ஜான் ஹர்ட் நடித்த 2010இன் 'விசில்' ஆகியவையும், கிறிஸ்டோபர் லீ கதை சொல்லும் நிகழ்ச்சிகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. 2013இல் விரிவாக்கப்பட்ட ஆறு வட்டுப் பெட்டியில், 1986இல் ராபர்ட் பவல் தனியாளாக அமர்ந்து ஜேம்ஸ் கதைகளைச் சொன்ன நிகழ்ச்சியும் உண்டு. ஜேம்ஸ் அந்தக் கதைகளைத் தம் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் இரவில் வாசித்துக் காட்டுவதற்காகவே எழுதினார் என்பதால், ஒரு மனிதர் நாற்காலியில் அமர்ந்து சொல்லும் அந்த முறைதான் மூலத்துக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

இருவருக்கும் மிக்க நன்றி. என் மைத்துனர் துபாயில்தான் இருக்கிறார். ஓணத்துக்கு வரும்போது பிளேயர் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அவர் இதுவரை என்னிடம் கேட்டதெல்லாம், இவ்வளவு பழைய பேய்க்கு எதற்கு இவ்வளவு புதிய இயந்திரம் என்பதுதான். முதலில் புளூ-ரேயின் முதல் தொகுதியை வாங்குகிறேன். பட்டியலில் அடுத்து எதைச் சேர்ப்பது என்பதை மட்டும் யாரேனும் சொன்னால் போதும்.

குமுளிச் சாலை:

அடுத்தது ஐயமின்றி 'தி வுமன் இன் பிளாக்', 1989. சூசன் ஹில்லின் நாவலை நைஜல் நீல் திரைக்கதையாக்க, ஹெர்பர்ட் வைஸ் இயக்கி, ஐடிவியில் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் இரவு ஒளிபரப்பானது. இது நெடுங்காலம் எளிதில் கிடைக்காமல் இருந்து, 2020இல்தான் நெட்வொர்க் நிறுவனத்தின் புளூ-ரேயாகச் சீரமைக்கப்பட்டு வந்தது. இதுவும் ஃபிலிமில் எடுத்தது. மேலே சொன்ன விதிப்படி புளூ-ரேயே தகும். நெட்வொர்க் 2023இல் மூடப்பட்டுவிட்டதால், அந்நிறுவனத்தின் வட்டுகளைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். நீலின் 'பீஸ்ட்ஸ்' (1976) தொடரும் அவர்களிடமிருந்தே டிவிடியாக வந்தது. டேப்பில் பதிவான தொடர் என்பதால் அந்த டிவிடியே போதுமானது.

1972இன் 'டெட் ஆஃப் நைட்' தொடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு பகுதிகளில் மூன்றே எஞ்சியுள்ளன. அந்தக் காலத்தில் டேப் விலையுயர்ந்தது, அழித்து மறுபடி பதிவார்கள். எஞ்சிய மூன்றையும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2013இல் டிவிடியாக வெளியிட்டது. அவற்றுள் 'தி எக்ஸார்சிசம்' கிறிஸ்துமஸ் விருந்து மேசையிலேயே நடக்கும் கதை. அந்த விருந்தில் வயிறு நிறைந்தவர்களுக்கும் அதே வீட்டில் முன்பு பட்டினியால் மடிந்தவர்களுக்கும் இடையிலான கணக்கு அதில் தீர்க்கப்படுகிறது. பேய்ப்படத்தில் இவ்வளவு கோபத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பழைய வீடியோ கேசட் யாரேனும் விற்றால், அட்டைப்படத்துக்காக மட்டும் வாங்கலாம். நம் மலையோர ஈரத்தில் டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். அதைப் பிளேயரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். உங்கள் கிழக்குச் சித்தூர்ப் பகுதி எங்களைவிட வறண்டது என்றாலும், தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வட்டு நன்றாக இருக்க, உள்ளிருக்கும் சிறுநூலும் அட்டைப் பெட்டியும்தான் முதலில் கெடும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, வட்டுகளை நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். துணிமணிக்கு வைக்கும் நாப்தலின் உருண்டையைப் பிளாஸ்டிக்கின் அருகில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று: 2005 முதல் வந்தவற்றைத் தவிர, இவை யாவும் 4:3 அளவில் ஒளிபரப்பானவை. உங்கள் அகலத்திரைத் தொலைக்காட்சி அவற்றைத் தானாகவே இழுத்து நிரப்பியிருந்தால், அமைப்புகளில் சென்று முதலில் அதை நிறுத்துங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரியாக ஓடுகிறது என்று பொருள்.