பந்தயத்துக்கு முன் சும்மா இருப்பது: உங்கள் அனுபவம் என்ன?

முதல் முழு மாரத்தானை, 42.195 கிலோமீட்டரையும், சென்னையில் ஓடி முடித்தேன். ஓடியதைவிட, அதற்கு முந்தைய மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு இருந்ததுதான் பெரும்பாடு.

நான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, பெசன்ட் நகர், மெரினா என்று சுற்றிச் சுற்றி 32 கிலோமீட்டர் வரை வந்தாயிற்று. வாரத்துக்கு 65. அப்புறம் கோச், "இனி டேப்பர். இந்த வாரம் 45, அடுத்த வாரம் 32, கடைசி வாரம் 16 போதும். தூரத்தைக் குறைங்க, வேகத்தை அப்படியே வைங்க" என்றார். கேட்கும்போது லட்டு மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் நாளே இடது முழங்காலில் வலி. நான்கு மாதமாக ஒன்றும் சொல்லாத கால்! ஆபீஸில் மேசைக்கடியில் நீட்டி மடக்கிப் பார்ப்பேன். சரி, போய்விட்டது என்று நினைத்தால் மறுநாள் வலது குதிகாலுக்கு வந்திருக்கும். மார்கழி வேறு, வீட்டில் பாதிப் பேருக்குச் சளி. யாராவது தும்மினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். "நீங்க ஓடிட்டிருந்தப்பவே வீடு நிம்மதியா இருந்துச்சு" என்றாள் மனைவி.

கடைசி வாரம் எடை ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. சோறும் இட்லியுமாகச் சாப்பிட்டால் தசையில் கிளைகோஜன், அதாவது ஓடுவதற்கான சர்க்கரை இருப்பு, சேரும், அது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், கூடியது கொழுப்பு இல்லை என்று கோச் சொல்லியிருந்தார். மண்டைக்குப் புரிந்தது, மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஷூவை மாட்டி, லேஸ் கட்டி, வாசற்படியில் உட்கார்ந்தேன். இப்போது ஓடினால் பலம் கூடாது, களைப்புதான் மிஞ்சும் என்று தெரியும். தெரிந்தும் அந்த லேஸை அவிழ்க்கப் பத்து நிமிடம் ஆனது.

பந்தயத்தன்று முழங்கால் வலி இரண்டாவது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மீதி நாற்பதில் வந்தவை எல்லாம் நிஜ வலிகள்.

*

அண்ணா, நீங்க லேஸை அவிழ்த்தீங்க, நான் அவிழ்க்கலை. பந்தயத்துக்கு ஆறு நாள் முன்னால், "சும்மா ஒரு செக்" என்று கிளம்பி 24 கிலோமீட்டர் ஓடினேன். பறக்கிற மாதிரி இருந்தது. பந்தயத்தில் 28-ஆவது கிலோமீட்டரில் தொடை கல்லாகி, கடைசி 14-ஐ நடந்தே முடித்தேன். பின்னால் வந்த தாத்தா ஒருவர் முதுகில் தட்டிவிட்டு ஓடினார்.

*

நான் அரை மாரத்தான்தான், 21.1. அதற்கே பத்து நாள் பாடு. ஓடுகிற நேரத்தில் கை சும்மா இருந்தால்தான் வம்பு என்று வீட்டைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தேன். போன தடவை பரண் வரைக்கும் போய்விட்டேன். ஸ்டூலில் இருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகியது. இந்த வலி கற்பனை இல்லை, எக்ஸ்ரே இருக்கிறது.