கல்லறைக் கல்லில் உள்ள வயதும் ஞானஸ்நானப் பதிவேடும் முரண்படும்போது எதை ஏற்பது?

கேள்வி: வேர்தேடி

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக என் தாய்வழிக் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். இதுவரை கிடைத்த சான்றுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது என் எள்ளுப்பாட்டியின் கல்லறைக் கல். அந்தக் கல்லே இப்போது என்னைக் குழப்பத்திலும் ஆழ்த்தியிருக்கிறது.

ஒரே கல்லில் இரண்டு பேரின் விவரங்கள் உள்ளன. மேற்பகுதியில் அவருடைய கணவரின் பெயரும் அவர் 1853-இல் இறந்த செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. அதற்குக் கீழே, 'ரெலிக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடுத்து என் எள்ளுப்பாட்டியின் பெயரும், அவர் 1871 மார்ச் 9 அன்று 43 ஆண்டுகள் 2 மாதங்கள் 11 நாட்கள் வயதில் இறந்தார் என்ற குறிப்பும் உள்ளன. கல்லறைகளைப் படம்பிடித்துத் தொகுக்கும் இணையதளத்திலும் தன்னார்வலர் ஒருவர் 43 என்றே பதிவு செய்திருக்கிறார். இதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் அவர் 1827 டிசம்பர் 29 அன்று பிறந்திருக்க வேண்டும். ஆனால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில், அதே பெற்றோருக்குப் பிறந்த அதே பெயருடைய பெண் குழந்தைக்கு 1826 ஜனவரி 15 அன்று ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாக எழுதப்பட்டுள்ளது. பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்பே ஒருவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க முடியாது அல்லவா?

இவற்றில் எதை ஏற்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். கல்லின் கீழ்ப்பகுதியில் பாசியும் கற்பாசியும் படர்ந்திருப்பதால் சவர நுரையைப் பூசித் துடைத்தால் எழுத்து தெளியும் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். அதைச் செய்யலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: பழம்பதிவு

வணக்கம். கல்லை நம்புவதா, பதிவேட்டை நம்புவதா என்று கேட்பதைவிட, ஒவ்வொரு செய்தியையும் யார், எப்போது, எதை அறிந்து சொன்னார் என்று கேட்பது பயன் தரும். கல்லறைக் கல்லில் உள்ள இறந்த நாள், உடனிருந்தவர்கள் நேரில் அறிந்த செய்தி. பிறந்த நாளும் வயதும் அப்படிப்பட்டவை அல்ல. இறந்தவர் தம் கல்லுக்கு வாசகம் கொடுப்பதில்லை. பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ தாம் கேள்விப்பட்டதைச் சொல்ல, கல்தச்சர் அதைச் செதுக்குகிறார். ஞானஸ்நானப் பதிவேடோ நிகழ்ச்சி நடந்த நாளிலோ அதை ஒட்டியோ எழுதப்படுவது. ஆகவே பிறப்பைப் பொறுத்தவரை பதிவேட்டின் பக்கமே கனம் அதிகம்.

ஆனாலும் உங்கள் கல்லில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. வயதைத் தோராயமாகச் சொல்லாமல் மாதமும் நாளும் வரை சொல்லியிருக்கிறார்கள். குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்திலோ வேறு ஏட்டிலோ பிறந்த நாளை எழுதி வைத்திருந்த வீட்டாரால்தான் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியும். எனவே சொன்னவர் தவறினார் என்று கொள்வதற்கு முன், படித்தவர் தவறினாரா என்று பார்ப்பது நல்லது. 43 என்பதை 45 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பிறந்த நாள் 1825 டிசம்பர் 29 என்று வரும். அதற்குப் பதினேழு நாட்கள் கழித்து, 1826 ஜனவரி 15 அன்று ஞானஸ்நானம். இரண்டு சான்றுகளும் ஒன்றோடொன்று பொருந்தி விடுகின்றன. தேய்ந்த கல்லில் 3-ஐயும் 5-ஐயும் மாற்றிப் படிப்பது அடிக்கடி நேர்வது.

இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக அதையே முடிவாகக் கொண்டுவிடாதீர்கள். இன்னொரு வாய்ப்பும் உண்டு. அக்காலத்தில் ஒரு குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை இடுவது பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. 1826 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்ற மூத்த குழந்தை இறந்து, 1827 டிசம்பரில் பிறந்த இளையவளுக்கு அதே பெயர் வைக்கப்பட்டிருந்தால் கல்லும் சரி, பதிவேடும் சரி. இதைச் சோதிக்க வழி உண்டு. 1826, 1827 ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெயருள்ள குழந்தை இருக்கிறதா என்றும், 1828-இன் தொடக்க மாதங்களில் அதே பெற்றோருக்கு இரண்டாவது ஞானஸ்நானப் பதிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இரண்டும் கிடைக்காமல் போனால் 45 என்ற ஊகம் வலுப்பெறும். பதிவேட்டில் ஏடுகள் விடுபட்டுள்ளனவா என்பதையும் கவனித்துக் கொள்ளுங்கள். கிழிந்த ஏட்டை வைத்துக்கொண்டு 'பதிவு இல்லை' என்று சொல்லக் கூடாது.

கணக்கு முறை பற்றியும் ஒரு சொல். இறந்த நாளை 18710309 என்று ஒரே எண்ணாக எழுதி, அதிலிருந்து வயதை 430211 என்று கழித்து, விடையிலிருந்து மேலும் 8870-ஐக் கழிக்கும் குறுக்குவழி ஒன்று ஆய்வாளர்களிடையே வழங்குகிறது. உங்கள் கல்லுக்கு அது 18271228 என்று, அதாவது டிசம்பர் 28 என்று காட்டும். நாட்காட்டியை வைத்து எண்ணினால் 29 வருகிறது. எல்லா மாதங்களுக்கும் 30 நாட்கள் என்று கொள்வதால் ஏற்படும் வேறுபாடு இது. கல்லுக்கு வாசகம் கொடுத்தவர் எந்த முறையில் எண்ணினார் என்று நமக்குத் தெரியாததால், ஓரிரு நாள் வேறுபாட்டின் மீது எந்த முடிவையும் கட்டாதீர்கள்.

மறுமொழி 2: சாய்வெளிச்சம்

தயவுசெய்து சவர நுரையைப் பூசாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். மேலே நீர் ஊற்றிக் கழுவினாலும் முழுவதும் வெளியேறுவதில்லை. சுண்ணக்கட்டி, மாவு, வினிகர், வெளுப்புத்தூள், கம்பித் தூரிகை ஆகிய அனைத்தும் கேடு விளைவிப்பவை. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். வினிகர் போன்ற அமிலம் பட்டால் அது கரையும். நூற்றைம்பது ஆண்டு மழையில் தப்பி நின்ற எழுத்தை ஒரே பிற்பகலில் அழித்தவர்களை நான் அறிவேன், அவர்கள் ஒவ்வொருவரும் அன்பினால்தான் அதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

விரலால் தொட்டுப் பாருங்கள். சர்க்கரைப் பொடி போல உதிர்ந்தால் அந்தக் கல்லை எதுவுமே செய்யக் கூடாது. உறுதியாக இருந்து, கல்லறைத் தோட்டத்தை நிர்வகிப்பவர்களின் அனுமதியும் கிடைத்தால், சுத்தமான நீரும் மென்மையான இயற்கை இழைத் தூரிகையும் போதும்.

உண்மையில் எழுத்தைப் படிக்கத் துப்புரவு தேவையே இல்லை. வெளிச்சம் வரும் கோணம்தான் தேவை. முன்னால் இருந்து ஒளி விழுந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டில் இருந்து, கல்லின் முகத்தை உரசிச் செல்வது போல ஒளி விழுந்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை எடுத்துச் சென்று, வெயிலில் நின்றபடி ஒருவர் ஒளியைத் திருப்பிவிட, மற்றவர் படம் எடுக்கலாம். இடப்புறம், வலப்புறம், மேலிருந்து என்று மூன்று திசைகளில் ஒளியைப் பாய்ச்சித் தனித்தனியாகப் படமெடுங்கள், ஏனெனில் ஒரு திசையில் மறையும் கோடு இன்னொரு திசையில் வெளிப்படும். பிறகு படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி ஒளி வேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள்.

3, 5 பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்களில் 3 என்ற எண்ணின் மேற்பகுதி சில சமயம் வளைவாக இல்லாமல் 5-இல் இருப்பது போலத் தட்டையான கோடாகவே இருக்கும். கீழ் வளைவு இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு நடுவில் இருக்கிறது. தட்டைத் தலை கொண்ட 3-இல் மேற்கோட்டின் வலது முனையிலிருந்து ஒரு சாய்கோடு நடுவை நோக்கி இறங்கும். 5-இல் மேற்கோட்டின் இடது முனையிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கும். அந்த மெல்லிய கோடுதான் முதலில் தேய்ந்து மறைகிறது, அல்லது கற்பாசி அதன் மேல் குடியேறி விடுகிறது. உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: அதே கல்லில் கணவர் இறந்த ஆண்டு 1853 என்று உள்ளது. அதில் 5-உம் 3-உம் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே கை செதுக்கியதாக இருந்தால் அவற்றை அளவுகோலாகக் கொண்டு வயதின் இரண்டாம் எண்ணை ஒப்பிடலாம்.

மறுமொழி 3: அடக்கப்பதிவேடு

முன்னவர்கள் இருவரும் கூறியவற்றை முழுமனதாக ஏற்கிறேன். இணையத் தொகுப்புகளைப் பற்றியும் கல்லைச் சுற்றியுள்ள சான்றுகளைப் பற்றியும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

1995-இல் தொடங்கி, 2013 முதல் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் உடைமையாக உள்ள ஃபைண்ட் எ கிரேவ் தளமும், 2011-இல் தொடங்கி ஒவ்வொரு படத்துடனும் ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் சேமிக்கும் பில்லியன் கிரேவ்ஸ் தளமும் நமக்குப் பெரிய கொடை. ஆனால் அங்கே நாம் பார்ப்பது மூன்று வகைச் செய்திகளின் கலவை. படம் கல்லின் சான்று. படித்தெழுதியது தன்னார்வலரின் வாசிப்பு. 'இவருடைய தாய் இவர்' என்பது போன்ற உறவு இணைப்புகளோ பெரும்பாலும் கல்லில் இல்லாதவை, பிறர் சேர்த்தவை. படமே இல்லாத பக்கங்களும் உண்டு. அவற்றில் உள்ள தேதி இரங்கல் செய்தியிலிருந்தோ யாரோ ஒருவரின் வம்சாவளிப் பட்டியலிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கலாம். ஆகவே குறிப்பேட்டில் எழுதும்போது எது கல், எது வாசிப்பு, எது சேர்க்கை என்று பிரித்து எழுதுங்கள்.

பல பத்தாண்டுகளுக்கு முன் வரலாற்றுச் சங்கத்தினர் நடந்து நடந்து படியெடுத்த பட்டியல் ஏதேனும் அந்தக் கல்லறைத் தோட்டத்திற்கு இருந்தால் அதை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். இன்று மழுங்கிப்போன எழுத்து அன்று தெளிவாக இருந்திருக்கும். பெயர்களை அகர வரிசையில் அடுக்கிய பட்டியலைவிட, கற்கள் நிற்கும் வரிசையிலேயே எழுதப்பட்ட பட்டியல் பன்மடங்கு மதிப்புடையது என்பது என் உறுதியான கருத்து. திருமணத்தால் பெயர் மாறிய மகளும், மைத்துனரும், விதவையான சகோதரியும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருப்பார்கள். அகர வரிசையில் அடுக்கினால் அந்த உறவெல்லாம் சிதறிப் போய்விடும். நீங்கள் போகும்போதும் ஒரே கல்லைப் படமெடுத்துவிட்டுத் திரும்பாமல், முன்னும் பின்னும் இருபுறமும் உள்ள கற்களையும், கல்லின் பின்பக்கத்தையும் படமெடுங்கள்.

'ரெலிக்ட்' என்பதற்குக் கைம்பெண் என்று பொருள். கணவர் உயிரோடு இருக்கும்போதே மனைவி இறந்திருந்தால் பழைய கற்களில் 'கான்சார்ட்' என்ற சொல் வரும். உங்கள் கல்லில் 'ரெலிக்ட்' இருப்பது 1853 என்ற ஆண்டோடு ஒத்துப்போகிறது.

கல் எப்போது நாட்டப்பட்டது என்பதும் முக்கியமான கேள்வி. கணவர் பகுதியின் எழுத்தும் மனைவி பகுதியின் எழுத்தும் வடிவிலும் ஆழத்திலும் தேய்விலும் ஒன்றாக இருந்தால், இரண்டும் 1871-க்குப் பிறகு ஒரே நேரத்தில் வெட்டப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் கணவரைப் பற்றிய செய்தி பதினெட்டு ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டது என்று பொருள். கல்லில் பெயர் இருப்பதாலேயே உடல் அங்கே இருக்கிறது என்றும் கொள்ள முடியாது. தொலைவில் இறந்தவரின் பெயரைக் குடும்பக் கல்லில் நினைவுக்காகச் சேர்ப்பது உண்டு. 1917-இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நினைவுகூரும் சுமார் 17 லட்சம் பேரில் கல்லறையே தெரியாதவர்கள் ஏராளம். அவர்கள் நினைவுச் சின்னங்களில் பெயராக மட்டும் நிற்கிறார்கள்.

ஆகவே கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் அடக்கப் பதிவேட்டையும், நிலப்பகுதி வாங்கியவர் பட்டியலையும் கேளுங்கள். யார் பணம் செலுத்தினார், அதே பகுதியில் கல் இல்லாமல் யார் யார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பவை அங்கேதான் கிடைக்கும். கல் நாட்ட வசதியில்லாதவர்களும் கைக்குழந்தைகளும் கல்லில் இடம்பெறுவதில்லை, பதிவேட்டில் ஒரு வரியாக இருப்பார்கள்.

கேட்டவர்: வேர்தேடி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனுமதி பெற்று, அண்ணன் மகனையும் ஒரு பெரிய கண்ணாடியையும் அழைத்துக்கொண்டு போய் வந்தேன். கல்லில் எதையும் பூசவில்லை, துடைக்கவும் இல்லை.

இடப்புறத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சியபோது மாற்றம் எதுவும் தெரியவில்லை. வலப்புறத்திலிருந்து பாய்ச்சியபோது 1853 என்ற ஆண்டு முதலில் எழுந்தது. சாய்வெளிச்சம் அவர்கள் கூறியது போலவே 3-இன் தலை தட்டையாகத்தான் இருந்தது, அதன் வலது முனையிலிருந்து சாய்கோடு இறங்கியது. பிறகு வயதுக்கு வந்தோம். கற்பாசியின் ஓரத்தில், மேற்கோட்டின் இடது முனையிலிருந்து மயிரிழை போல ஒரு நிழல் கீழே இறங்குவதை அவன்தான் முதலில் கண்டான். அது 5. மூன்று படங்களில் இரண்டில் தெளிவாகத் தெரிகிறது. 1826, 1827 அடக்கப் பதிவேட்டில் ஏடு எதுவும் விடுபடவில்லை. அந்தப் பெயரில் குழந்தையும் இல்லை. 1828-இல் இரண்டாவது ஞானஸ்நானமும் இல்லை. ஆகவே அவர் 1825 டிசம்பர் 29 அல்லது அதை ஒட்டிய நாளில் பிறந்தார் என்று, காரணங்களோடு என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். இணையதளப் பதிவைத் திருத்தும்படி படத்துடன் வேண்டுகோளும் அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு பகுதிகளின் எழுத்தும் ஒரே கையின் வேலைதான். அலுவலக ஏட்டின்படி அந்த நிலப்பகுதி வாங்கப்பட்டதே 1871 ஏப்ரலில்தான். வாங்கியவர் கணவரின் குடும்பப் பெயரைக் கொண்டவர், ஆனால் என் பட்டியலில் இல்லாதவர். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு கல்லும் இருக்கிறது. அதில் இரண்டு முதலெழுத்துகள் தவிர வேறொன்றும் இல்லை, அவற்றில் இரண்டாவது அதே குடும்பப் பெயரின் முதலெழுத்து.

மறுமொழி 4: பழம்பதிவு

மிகவும் மகிழ்ச்சி. நிலம் 1871-இல் வாங்கப்பட்டது என்றால் 1853-இல் இறந்த கணவர் முதலில் வேறெங்கோ அடக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்; பின்னர் இடம் மாற்றப்பட்டாரா, பெயர் மட்டும் இங்கே வந்ததா என்பதை 1853-ஆம் ஆண்டுத் தேவாலய அடக்கப் பதிவேட்டிலும், இந்த அலுவலகத்தின் 1871 ஏட்டில் எழுதப்பட்டுள்ள குறிப்புகளிலும் பாருங்கள். முதலெழுத்துகள் மட்டும் உள்ள சிறு கல் குழந்தையின் கல்லாகவும் இருக்கலாம், நிலப்பகுதியின் எல்லையைக் காட்டும் கல்லாகவும் இருக்கலாம், பெரிய கல்லுக்கு எதிர்முனையில் நாட்டப்படும் கால்மாட்டுக் கல்லாகவும் இருக்கலாம். அது பெரிய கல்லிலிருந்து எத்தனை அடி தொலைவில், எந்தத் திசையில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். சுமார் ஆறடி தள்ளி நேர் எதிரே இருந்தால் அந்த முதலெழுத்துகள் உங்கள் எள்ளுப்பாட்டியின் பெயரோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.